லினக்ஸ் கர்னலின் வலையமைப்புப் பேட்ச்சை மீளாய்வு செய்வது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஏதாவது மாற்ற வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தால் அது பேட்ச்சாக மின்னஞ்சலில் வரும். நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி, தலைப்பில் ஒரு விளக்கவுரை. வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ கணினி படிப்பவர்களும், கல்முனை, களுவாஞ்சிக்குடி வீடுகளிலிருந்து மென்பொருள் வேலை பார்ப்பவர்களும் இந்தப் பேட்ச்சுகளை வாசிக்கத் தொடங்கும்போது கேட்பவை கீழே உள்ளன. இவை வலையமைப்புப் பகுதிக்கு மட்டும். கோப்பு முறைமைக்கும் மற்றவற்றுக்கும் வழக்கம் வேறு.

சி மொழி தெரியும், கர்னல் தெரியாது. மீளாய்வு செய்ய எனக்கு என்ன தகுதி?

சி மொழியைப் பிழையறப் படிக்கத் தெரிந்தால் தொடங்கலாம். வலையமைப்புக் குறிமுறையில் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வரியில் பொதி (வலையமைப்பில் போய்வரும் தரவுப் பொட்டலம், பாக்கெட்) யாருடைய கையில் இருக்கிறது? வலையமைப்பு அட்டையை இயக்கும் டிரைவரிடமா, அதற்கு மேலேயுள்ள நெறிமுறை அடுக்கான மேலடுக்கிடமா, வன்பொருளிடமா, அல்லது அதன் நினைவகத்தை விடுவித்தாயிற்றா? இதை ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டு போனால் பாதிப் பிழை தானாகவே வெளியே வந்துவிடும். டிசிபியின் நெரிசல் கட்டுப்பாடு முழுவதையும் கரைத்துக் குடித்திருக்கத் தேவையில்லை.

எந்தப் பேட்ச்சை முதலில் எடுப்பது?

50 வரிக்கு உட்பட்ட, ஒரே டிரைவருக்குள் அடங்குகிற பிழைதிருத்தத்தை எடுங்கள். கர்னலைச் சோதிக்கும் நிரல்கள் உள்ள செல்ஃப்டெஸ்ட் அடைவுக்கு வருபவையும் நல்லவை. அவற்றுக்கு ஆள் கிடைப்பது அரிது.

களஞ்சியத்தை இறக்கும்போது பாதியில் கரண்ட் போகிறது, அல்லது லைன் விழுகிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தா?

கிட் (குறிமுறையின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) மூலம் களஞ்சியத்தை நகலெடுக்கும் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, ஆகவே ஓம், முதலிலிருந்துதான். இதற்கு கர்னல் தளத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். களஞ்சியத்தின் முழு வரலாறும் 'குளோன் பண்டில்' என்ற தனிக் கோப்பாக அங்கே கிடைக்கும். அதை டபிள்யூகெட் கருவியில் 'தொடர்' தெரிவைக் கொடுத்து இறக்கினால் லைன் எத்தனை தடவை விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கோப்பு பல ஜிகாபைட் இருக்கும். இரவுக்கென்று தனி டேட்டா தரும் பக்கேஜ் என்றால் படுக்கப்போகும் முன் போட்டுவிடுங்கள். இறங்கிய பண்டிலிலிருந்து குளோன் எடுத்து, தொலைமுகவரியை உண்மையான களஞ்சியத்துக்கு மாற்றி ஒரு ஃபெட்ச் கொடுத்தால் பண்டிலுக்குப் பின் சேர்ந்தவை மட்டும் வரும்.

ஆழம் 1 என்று கொடுத்து மேலோட்டமாக இறக்குவது கட்டிப் பார்க்கப் போதும். மீளாய்வுக்குப் போதாது. ஒரு வரி எப்போது, ஏன் வந்தது என்று பார்க்க வரலாறு வேண்டும்.

நெட், நெட்-நெக்ஸ்ட் என்று இரண்டு களஞ்சியம் ஏன்?

நெட் களஞ்சியம், இப்போதைய வெளியீட்டில் உள்ள பிழைகளைத் திருத்த. நெட்-நெக்ஸ்ட், அடுத்த வெளியீட்டுக்கான புதிய வசதிகளுக்கும் துப்புரவு வேலைக்கும். பேட்ச்சின் தலைப்பிலேயே எது என்று குறிக்க வேண்டும். புதிய வசதி ஒன்றைப் 'பிழைதிருத்தம்' என்று பெயர் சூட்டி நெட்டுக்கு அனுப்பியிருந்தால் குறிமுறையைப் படிக்குமுன்பே அதைச் சொல்லிவிடலாம்.

ஒரு வெளியீடு முடிந்ததும் சுமார் இரண்டு வாரம் இணைப்புக் காலம். அப்போது நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும். புதிய வசதி அனுப்பக்கூடாது, கருத்துக் கேட்கும் வரைவு என்றால் அனுப்பலாம். பிழைதிருத்தத்துக்கு இந்தத் தடை இல்லை. ஒரு தொடரில் 15 பேட்ச்சுக்கு மேல் போகக்கூடாது. அதே தொடரின் அடுத்த பதிப்பை 24 மணித்தியாலத்துக்குள் அனுப்பவும் கூடாது.

குறிமுறைக்குள் போகுமுன் விளக்கவுரையில் எதைப் பார்க்க வேண்டும்?

என்ன மாற்றம் என்பது குறிமுறையிலேயே தெரியும். ஏன் என்பதுதான் விளக்கவுரையில் இருக்க வேண்டும். பிழை எப்படி வெளிப்பட்டது, பயனருக்கு என்ன நடந்தது, எந்த வன்பொருளில் சோதித்தது ஆகியவை இல்லையென்றால் கேளுங்கள்.

பிழைதிருத்தத்தில் 'ஃபிக்ஸஸ்' வரி கட்டாயம். பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் (களஞ்சியத்தில் பதிந்த மாற்றத்தின்) அடையாளத்தில் முதல் 12 எழுத்தும், அடைப்புக்குள் அதன் தலைப்பும் அங்கே வரும். இந்த வரியை நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது எது என்று காட்டும் கிட் பிளேம் போட்டால் பலமுறை வெறும் இடைவெளியைத் திருத்திய கமிட்டே முன்னால் வந்து நிற்கும்; அவசரக்காரர் அதையே எடுத்து ஒட்டியிருப்பார். அந்தக் கமிட்டைத் திறந்து, அதற்கு முந்திய நிலையில் பிழை இல்லை என்று உறுதிசெய்யுங்கள். நீண்டகால ஆதரவு வெளியீடுகளுக்குத் திருத்தத்தைப் பின்னோக்கி எடுத்துச்செல்பவர்கள் இந்த வரியைப் பார்த்துத்தான் எதுவரை கொண்டுபோவது என்று முடிவெடுக்கிறார்கள். வரி பிழைத்தால் பிழையுள்ள பழைய கர்னல் திருத்தம் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

பேட்ச்சில் மாற்றத்தைச் சுற்றி மூன்று மூன்று வரிதானே தெரிகிறது. அது போதுமா?

போதாது. பெரும்பாலான பிழை அந்த மூன்று வரிக்கு வெளியேதான் குந்தியிருக்கும். மின்னஞ்சலில் வந்த பேட்ச்சுகளை எடுக்கும் பி4 கருவியின் 'ஷஸாம்' கட்டளை தொடர் முழுவதையும் எடுத்து உங்கள் கிளையில் பூசிவிடும். பிறகு மாற்றப்பட்ட சார்பை முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். அதை அழைப்பவர்கள் எல்லாரையும் கிட் கிரெப் போட்டுத் தேடுங்கள். சார்பு திருப்பித் தரும் மதிப்பின் பொருள் மாறியிருந்தால், பழைய பொருளை நம்பி அழைப்பவர் ஒருவர் எங்கேயாவது மிஞ்சியிருப்பார்.

அனுப்பும் பக்கத்தில் எதைத் தேடுவது?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிரைவர்களில் அதிகம் வழுக்கும் இடம் இது.

மேலடுக்கு பொதியை டிரைவரின் 'ஸ்டார்ட் எக்ஸ்மிட்' சார்பிடம் ஒப்படைக்கிறது. சார்பு 'ஓகே' என்று திருப்பினால் பொதி டிரைவருடையது: அனுப்பியிருக்க வேண்டும், அல்லது விடுவித்திருக்க வேண்டும். 'பிஸி' என்று திருப்பினால் பொதி இன்னும் மேலடுக்குடையது; அது மறுபடி வரிசையில் போட்டு அனுப்பப் பார்க்கும். ஆகவே 'பிஸி' சொல்லிவிட்டுப் பொதியை விடுவித்தால் ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்படும். 'ஓகே' சொல்லிவிட்டு விடுவிக்காமல் போனால் நினைவகம் சொட்டுச் சொட்டாகக் கசியும். அது வெளியே தெரிய நாளாகும்.

ஓர் உதாரணம். ஒரு டிரைவர் இப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள்: ரிங்கில் (அனுப்ப வேண்டியவற்றின் வட்ட வரிசையில்) இடம் பார், பொதியை டிஎம்ஏவுக்கு (வன்பொருள் நினைவகத்தை நேரடியாகப் படிப்பதற்கு) வரைபடமாக்கு, டிஸ்கிரிப்டர் (பொதி இருக்கும் இடத்தின் குறிப்பு) எழுது, வன்பொருளின் மணியை அடி (அனுப்பச் சொல்). முன்மொழியப்பட்ட பேட்ச் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்க்கிறது: அனுப்பிய பைட் எண்ணிக்கையில் பொதியின் நீளத்தைக் கூட்டு. பார்க்க அப்பாவியான வரி. ஆனால் மணி அடித்த கணமே பொதி வன்பொருளிடம் போய்விட்டது. அனுப்பி முடிந்ததென்று செயலியின் இன்னொரு கோரில் இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீடு) வந்து, அங்கே பொதி விடுவிக்கப்பட்டிருக்கலாம். அதன் பின் நீளத்தைப் படிப்பது விடுவித்த நினைவகத்தைப் படிப்பது. மேசையில் ஆயிரம் தடவை ஓட்டினாலும் சரியாகவே ஓடும். சுமை கூடிய சேவையகத்தில் ஒருநாள் விழும். நீளத்தை முன்பே உள்ளூர் மாறி ஒன்றில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிகியூஎல் கணக்கும் (வரிசையில் நிற்கும் பைட்டை மட்டுப்படுத்துவது) நேரமுத்திரையும் மணிக்கு முன்னால்தான் வர வேண்டும்.

அதே சார்பில் இன்னும் மூன்று:

ரிங்கில் ஓர் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறதா? பொதி துண்டுகளாக வரலாம். வழக்கமான அமைப்பில் 17 துண்டு வரை, அவற்றோடு தலைப்பகுதி ஒன்று. 18 டிஸ்கிரிப்டர் தேவைப்படும்.

மூன்றாம் துண்டின் டிஎம்ஏ வரைபடம் தோற்றால், முதல் இரண்டையும் தலைப்பகுதியையும் யார் அவிழ்ப்பது? பிழைவழி வெறுமனே பொதியை விடுவித்துவிட்டுத் திரும்பினால் வரைபடங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

60 பைட்டுக்குக் குறைந்த பொதியைச் சுழியத்தால் நிரப்பும் 'பேட்-டு' சார்புகள் தோற்கும்போது பொதியைத் தாங்களே விடுவித்துவிடும். அழைப்பவர் இன்னொரு தடவை விடுவித்தால் கதை முடிந்தது. பெயரைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது, மனதில் பதித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ரிங் நிறைந்ததும் வரிசையை நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். நிறுத்திய பிறகு, நினைவகத் தடுப்பு (படிப்பதும் எழுதுவதும் வரிசை மாறாமல் காப்பது) ஒன்றைத் தாண்டி, இடம் வந்துவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இல்லையேல், நிறுத்துவதற்குச் சற்று முன் கடைசிப் பொதி முடிந்திருந்தால் வரிசையை எழுப்ப ஒருவரும் வரமாட்டார். பதிவேட்டில் 'நெட்டெவ் வாட்ச்டாக்' (அனுப்பும் வரிசை முடங்கியது) எச்சரிக்கை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

'மே-புல்' என்ற சார்பைச் சுற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

பொதியின் எல்லாப் பைட்டும் ஒரே நீட்டில் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. முதல் பகுதி நேர்கோட்டில், மிச்சம் துண்டுப் பக்கங்களில். தலைப்பைப் படிக்குமுன் 'இத்தனை பைட் நேர்ப்பகுதியில் வேண்டும்' என்று மே-புல்லிடம் கேட்க வேண்டும். கேட்காமல் படித்தால், வெளியிலிருந்து வேண்டுமென்றே கட்டையாக்கி அனுப்பிய பொதி ஒன்று கர்னலைக் குப்பை படிக்க வைக்கும்.

கேட்டாலும் ஒரு கண்ணி உண்டு. இடம் போதாவிட்டால் மே-புல் புதிய நினைவகம் எடுத்துத் தரவை நகர்த்திவிடும். முதலில் ஐபி தலைப்புக்குச் சுட்டி எடுக்கிறார், அடுத்து டிசிபி தலைப்புக்காக மே-புல் அழைக்கிறார், பிறகு அந்தப் பழைய ஐபி சுட்டியாலேயே மூல முகவரியைப் படிக்கிறார் என்றால், அது காலிசெய்த வீட்டின் கதவைத் தட்டுகிற வேலை. அழைப்புக்குப் பின் சுட்டிகளை மறுபடி எடுக்க வேண்டும். மே-புல்லை மட்டும் தேடிவிட்டு நின்றுவிடாதீர்கள்: தலைப்பை எழுதக்கூடியதாக்கும் சார்பு, தலையிடம் பெருப்பிக்கும் சார்பு, இவற்றை உள்ளே அழைக்கும் வேறு சார்புகள் எல்லாவற்றுக்கும் இதே விதி. பேட்ச் ஒரு புதிய அழைப்பை இரண்டு பழைய வரிகளுக்கு நடுவில் சொருகினால், அந்த அழைப்பின் உட்குடலைத் திறந்து பார்த்த பின்பே கீழே நகருங்கள்.

பெறும் பக்கத்தில்?

பொதிகளைக் கட்டுக்கட்டாக எடுக்கும் நாப்பி முறையில் டிரைவரின் போல் சார்புக்கு ஒரு பட்ஜெட் (ஒரு தடவையில் எடுக்கக்கூடிய பொதி எண்ணிக்கை) தரப்படும், வழக்கமாக 64. பட்ஜெட் முழுவதும் செலவானால் வேலை முடிந்ததாக அறிவிக்கக்கூடாது, பட்ஜெட்டையே திருப்ப வேண்டும். முடிந்ததாக அறிவித்தால் திருப்பும் எண் பட்ஜெட்டை விடக் குறைவாக இருக்க வேண்டும். எல்லையில் வரும் இந்த ஒன்றைப் பலர் விட்டுவிடுவார்கள். பட்ஜெட் 0 ஆகவும் வரலாம். அப்போது அனுப்பி முடிந்தவற்றைத் துப்புரவாக்கலாம், பெறும் ரிங்கைத் தொடக்கூடாது.

பொதியைக் கைவிடும் இடங்களில், பிழையால் விழுத்துவதா, வேலை முடிந்து விடுவிப்பதா என்று பிரித்துப் பாருங்கள். முன்னதற்கு 'கே-ஃப்ரீ', பின்னதற்கு 'கன்சியூம்'. மாற்றிப் போட்டால் இழந்த பொதிகளைக் காட்டும் டிராப்வாட்ச் போன்ற கருவிகள் இல்லாத இழப்பைக் காட்டும்.

பூட்டும் ஆர்சியுவும் (படிப்பவர் பூட்டில்லாமலே படிக்கும் முறை) தலையைச் சுற்ற வைக்கின்றன. எங்கே பிடிப்பது?

முதலில் இந்தச் சார்பு எந்தச் சூழலில் ஓடுகிறது என்று எழுதிவையுங்கள். சுழல்பூட்டு பிடித்திருக்கும்போதும் மென் இன்டரப்ட்டிலும் தூங்கக்கூடாது. அங்கே நினைவகம் கேட்டால் அணுநிலைக் கொடி (தூங்காமல் தரச் சொல்வது) வேண்டும். சாதாரணக் கொடி போட்டிருந்தால் பிழை.

ஆர்சியு பட்டியலிலிருந்து ஓர் உறுப்பைக் கழற்றியவுடன் விடுவிக்கும் வரியைத் தேடுங்கள். படிப்பவர் ஒருவர் இன்னும் அதன்மேல் நிற்கலாம், ஆகவே தவணைக்காலம் (பழைய படிப்பவர் எல்லாரும் முடிக்கும்வரை காத்திருப்பது) கழிந்த பின்பே விடுவிக்க வேண்டும். ஒரே சுட்டியை ஒரே சார்பில் இரண்டு தடவை ஆர்சியு மூலம் எடுத்தால் இரண்டும் வேறாக இருக்கலாம் என்பதும் பொதுவாக மறக்கப்படுவது.

நேரத்தை ஒப்பிடும் வரிகள் இதே இனம். கர்னலின் நேரத் துடிப்புகளை எண்ணும் ஜிஃபீஸ் எண்ணியை நேரடியாக 'பெரிதா' என்று ஒப்பிட்டால், நொடிக்கு 1000 துடிப்புள்ள 32 பிட் இயந்திரத்தில் 49.7 நாளுக்கு ஒருமுறை எண்ணி சுழன்று கணக்குப் பிழைக்கும். இந்தப் பிழை விரைவில் அகப்படட்டும் என்றே, தொடங்கி 5 நிமிடத்தில் சுழலும்படி எண்ணியின் ஆரம்ப மதிப்பை வைத்திருக்கிறார்கள். 'டைம் ஆஃப்டர்' மேக்ரோவைக் கேளுங்கள்.

அந்த வலையமைப்பு அட்டை என்னிடம் இல்லை. சோதிக்காமல் மீளாய்வு செய்யலாமா?

செய்யலாம், சோதிக்கவில்லை என்று சொல்லிவிட்டு. டிரைவரின் அடைவை மட்டும் எச்சரிக்கை நிலை 1 உடனும் ஸ்பார்ஸ் சோதனையுடனும் கட்டிப் பாருங்கள்; ஸ்பார்ஸ், பைட் வரிசை மாறிய இடங்களைப் பிடித்துத் தரும். கர்னல் முழுவதையும் கட்டத் தேவையில்லை.

நெறிமுறை அடுக்கில் உள்ள மாற்றத்துக்கு அட்டையே வேண்டாம். 8 ஜிபி மடிக்கணினி போதும். விர்ட்மி-என்ஜி கருவி, நீங்கள் கட்டிய கர்னலை உங்கள் கணினியின் கோப்புகளோடேயே மெய்நிகர் இயந்திரத்தில் எழுப்பும். தனி வட்டுப் படிமம் வேண்டாம். அமைப்பில் கேசான் (நினைவகப் பிழை பிடிப்பது), லாக்டெப் (பூட்டுப் பிழை பிடிப்பது), அணுநிலைத் தூக்கச் சோதனை மூன்றையும் போடுங்கள். உள்ளே இரண்டு நெட் நேம்ஸ்பேஸ் (தனித்தனி வலையமைப்புச் சூழல்) உருவாக்கி வீத் சோடியால் (மெய்நிகர் கம்பியால்) இணைத்து, வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். நெட்டெம் மூலம் 100 மில்லிசெக்கன் தாமதமும் 1 சதவீத இழப்பும் சேர்த்தால் மழைநாளின் மொபைல் இணைப்புக்கு ஈடான சூழல் கிடைக்கும். எம்டியுவை (ஒரு பொதியின் உச்ச அளவை) 1500 இல் மட்டும் சோதித்துவிட்டு எழும்ப வேண்டாம்: பிபிபிஓஈ இணைப்பில் அது 1492, ஐபிவி6க்கான கீழெல்லை 1280.

வீத் பெரிய பொதிகளைத் துண்டாக்காமலே மறுமுனைக்குக் கொடுக்கும். உண்மையான அளவில் பொதிகளைக் காண வேண்டுமென்றால் ஈத்டூல் கருவியில், பொதிகளைப் பெரிதாகவே வைத்திருக்கும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் அணையுங்கள்.

பேட்ச்காரர் '12 சதவீதம் வேகம்' என்கிறார். எனக்கு ஒருமுறை கூடுகிறது, ஒருமுறை குறைகிறது.

கச்சான் காற்று வீசும் மாதத்தில் மதியம் 2 மணிக்கு மடிக்கணினியில் அளந்தீர்களா? சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஓட்டம் வேகமாகவும் பின்னவை மெதுவாகவும் வந்தால் நீங்கள் அளந்தது பேட்ச்சை அல்ல, அறையின் சூட்டை. விடிகாலையில் அளவுங்கள், செயலி வேகத்தை நிலைநிறுத்துங்கள், டர்போவை அணையுங்கள். பேட்ச் உள்ளதையும் இல்லாததையும் மாறிமாறி, 30 செக்கன் வீதம் ஐந்து தடவை ஓட்டுங்கள். ஐந்தில் கூடியதும் குறைந்ததும் தமக்குள்ளேயே 10 சதவீதம் விலகினால் 12 என்ற எண்ணைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அவர் எந்தச் செயலியில், எந்த அட்டையில், எத்தனை இணைப்புடன் அளந்தார் என்று கேட்பதும் முறைதான்.

நடை, இடைவெளி போன்றவற்றைச் சொல்லலாமா?

அவற்றைச் செக்பேட்ச் கருவியே சொல்லும். உள்ளூர் மாறிகளை நீளமான வரி மேலே, கட்டை வரி கீழே என்று அடுக்குவது இந்தப் பகுதியின் வழக்கம். பெரிய பிழை ஒன்றைக் கண்ட இடத்தில் இதையும் அடுக்கி எழுதினால் பெரியது அமுங்கிப்போகும்.

கருத்தை எப்படி எழுதுவது? ஆங்கிலம் அவ்வளவு ஓடாது.

சாதாரண எழுத்து மின்னஞ்சல், ஒட்டிய படம் இல்லாமல். சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வைத்து, அவற்றின் கீழே பதில். கட்டை வசனம் போதும்: இந்த வரியில் இது நடந்தால், இந்தப் பாதையில் போய், பொதி இருமுறை விடுபடும், நான் பார்த்தது சரியா? இப்படிப் பாதையைக் காட்டினால் இலக்கணத்தை ஒருவரும் பார்க்கமாட்டார். 'இது சரியில்லை என்று தோன்றுகிறது' என்று மட்டும் எழுதினால் எழுதியவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

'ரிவ்யூட்-பை' என்று பெயர் போடுவது, முழுதாகப் படித்தேன், சேர்க்கத் தகுந்தது என்று பொறுப்பேற்பது. கட்டிப் பார்த்ததற்காக அதைக் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்திருந்தால் 'டெஸ்டட்-பை', எதில் ஓட்டியது என்ற குறிப்போடு. பாதியைத்தான் படித்தீர்கள் என்றால் எந்தப் பாதி என்று எழுதுங்கள். கருத்து ஒன்றுகூட இல்லாமல் புதியவர் ஒருவர் பத்துப் பேட்ச்சுக்கு வரிசையாகப் பெயர் போட்டால் பராமரிப்பாளர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. சரியாகவே செய்கிறார்கள்.

எழுதியவர் 'நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள்' என்கிறார்.

இருக்கலாம். அவர் சொன்ன பாதையை மறுபடி நடந்து பாருங்கள். அவர் சரியென்றால் ஒரு வரியில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இடத்தில் விளக்கக் குறிப்பு ஒன்று சேர்க்கச் சொல்லலாம், உங்களைக் குழப்பியது அடுத்தவரையும் குழப்பும். நீங்கள்தான் சரியென்றால் மெய்நிகர் இயந்திரத்தில் பிழையை வரவைத்து கேசான் பதிவை அனுப்புங்கள். அமெரிக்காவில் இருக்கும் பலருக்கு இரவு விடியும்போது இங்கே பொழுது சாய்ந்திருக்கும்; பதிலுக்கு ஒரு நாளாவது விடுங்கள்.

வி2 (இரண்டாம் பதிப்பு) வந்துவிட்டது. மறுகா முழுவதையும் படிக்க வேண்டுமா?

கிட் ரேஞ்ச்-டிஃப் போட்டால் இரண்டு பதிப்புக்கும் இடையில் என்ன மாறியது என்று மட்டும் காட்டும். பேட்ச்காரர் எழுதிய மாற்றப் பட்டியலோடு அதை ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத மாற்றம் ஏதாவது நுழைந்திருந்தால் அங்கே நின்று படியுங்கள். நீங்கள் சொன்ன பிழைவழியைத் திருத்தியிருப்பார். அதற்காகச் சேர்த்த புதிய கோட்டூ குறி, மேலேயுள்ள வேறொரு பிழைவழியையும் தன்னோடு இழுத்து, இன்னும் எடுக்காத பூட்டை விடுவிக்கிறதா என்று பாருங்கள். வி1இல் நீங்கள் கொடுத்த ரிவ்யூட்-பையை அவர் அப்படியே கொண்டுவந்திருந்து, குறிமுறை கணிசமாக மாறியிருந்தால், அதை எடுத்துவிடச் சொல்லிப் புதிதாகப் படித்த பின் கொடுங்கள்.